முதியோர் இல்லத்துக் குளியலறை: கழிப்பிடம், கைப்பிடி, குழாய் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

முதியோர் இல்லம் கட்டுகிறவர்கள் சானிட்டரி கடைக்குப் போவது பெரும்பாலும் கடைசியில்தான். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும், பைப் பதித்திருக்கும், கதவு நிலையும் வைத்தாயிற்று. கடைக்காரர் வீடுகளுக்கு விற்கும் அதே செட்டை எடுத்துக் காட்டுவார், எண்ணிக்கை அதிகம் என்பதால் விலை குறைத்தும் தருவார். ஆறு மாதத்தில் சீட் கழன்று ஆடும், துண்டுக் கம்பி சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும், அதுவரை தானாகக் குளித்துக்கொண்டிருந்த பாட்டி பயந்துபோய் ஆயாவைக் கூப்பிட ஆரம்பிப்பார்.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். ஒருவர் தானாகக் கழிப்பறைக்குப் போய், தானே கழுவிக்கொண்டு, தானே எழுந்து வர முடிகிற வரை அவர் வாழ்க்கை அவர் கையில் இருக்கிறது. அது போய்விட்டால் மனமும் சேர்ந்து தளர்கிறது. சரியான உயரத்தில் ஒரு சீட்டும் சரியான இடத்தில் ஒரு கம்பியும் இருந்தால் அந்த நாளைத் தள்ளிப்போடலாம். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஈரக் கையால் பிடிக்க முடியுமா? வலுவில்லாத ஒரே கையால் இயக்க முடியுமா? நடு இரவில், கண்ணாடி போடாத கண்ணுக்குத் தெரியுமா?

1. முதலில் ஆட்களைப் பாருங்கள்

இல்லத்தில் இருப்பவர்கள், வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தானாக நடப்பவர், வாக்கர் வைத்து நடப்பவர், சக்கர நாற்காலியில் இருந்து தானே மாறி உட்காரக்கூடியவர், மற்றவர் தூக்கி உட்காரவைக்க வேண்டியவர், ஞாபகம் மங்கியவர். இந்த ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி குளியலறை சரிப்படாது. எல்லா அறையிலும் ஒரே செட் போட்டால் யாராவது இருவருக்கு அது தினமும் தொல்லையாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: பக்கவாதம் வந்தவர்களில் யாருக்கு எந்தப் பக்கம் பலம். வலது கை வேலை செய்யாதவருக்கு வலது சுவரில் கம்பி வைத்து என்ன பயன்? புதிதாகக் கட்டும்போது பாதி அறைகளில் கழிப்பிடத்துக்கு வலப்பக்கம் சுவர், மீதி அறைகளில் இடப்பக்கம் சுவர் வருமாறு வரைபடத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். செலவு ஏறாது. யாரை எந்த அறையில் வைப்பது என்று பின்னால் முடிவு செய்ய இடம் கிடைக்கும்.

2. கதவு, சுவர், தரை

கதவு திறந்தபின் கிடைக்கும் வழி 900 மி.மீ. இருக்க வேண்டும். நிலையின் வெளி அளவைச் சொல்லித் திருப்திப்பட வேண்டாம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், அல்லது நகரும் கதவாக இருக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்தபடி கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தாலோ சாவியாலோ திறக்கும் வகையாக வேண்டும். உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள வெற்றிடம் விடுங்கள். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி நெறிகளில் இதற்கான படங்கள் இருக்கின்றன. அதை அச்செடுத்துப் பொறியாளர் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

சுவரை ஏன் இப்போதே பேசுகிறேன் என்றால், கைப்பிடியின் பலம் கம்பியில் இல்லை, சுவரில்தான் இருக்கிறது. இப்போது பல கட்டடங்களில் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைக்கிறார்கள். எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும், ஆனால் சாதாரண ஃபாஸ்ட்னர் அதில் நிற்காது. குளியலறைச் சுவரில் மட்டும் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் தொடங்கி 900 மி.மீ. வரை கான்கிரீட் பட்டையோ திடமான கான்கிரீட் பிளாக்கோ வைக்கச் சொல்லுங்கள். நேராக நிற்கும் கம்பி வரும் இடங்களில் அதை இன்னும் மேலே கொண்டுபோங்கள். ஏற்கெனவே கட்டிய சுவர் என்றால் துளைக்குள் பசை செலுத்தி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர், அல்லது மறுபக்கம் தகடு வைத்து முழுச் சுவரையும் துளைத்துப் போடும் போல்ட். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் டேப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் துளை போடும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

தரைக்கு டைல்ஸ் வாங்கும்போது கடையில் ‘ஆன்டி ஸ்கிட்’ என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திவிடுவார்கள். ஆர்9, ஆர்10, ஆர்11 என்று வருவது ஜெர்மானிய அளவுமுறை. செருப்பு, ஷூ போட்டு நடக்கும் தரைக்கானது அது. நம் பெரியவர்கள் குளியலறையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். வெறுங்காலுக்கென்று ஏ, பி, சி என்று தனித் தரம் இருக்கிறது. குளிக்கும் இடத்துக்குக் குறைந்தது ‘பி’ கேளுங்கள். மிகவும் சொரசொரப்பானதும் வேண்டாம். வயதான பாதத்தின் தோல் மெல்லியது, உரசிப் புண்ணாகும், அழுக்கும் தங்கும். பெரிய டைல்ஸைவிட 300 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த சதுரங்கள் மேல். இணைப்புக் கோடுகள் அதிகமாக இருப்பதால் காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும், சரிவும் ஒழுங்காக வரும். இணைப்புக்குத் தண்ணீர் ஊறாத எப்பாக்ஸி கலவை போடுங்கள்.

வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க நாம் வழக்கமாகக் கட்டும் அந்தச் சின்னப் படி இங்கே வேண்டவே வேண்டாம். வாக்கர் தடுக்கும், கால் தடுக்கும். அதற்குப் பதில் தரைச் சரிவைக் குளிக்கும் மூலைக்குத் திருப்பி, வாசலை ஒட்டி நீளமான சேனல் வடிகால் வைத்தால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.

3. கழிப்பிடம்: உயரத்தில்தான் எல்லாம்

கடையில் கிடைக்கும் சாதாரண வெஸ்டர்ன் க்ளோசெட் சுமார் 400 மி.மீ. உயரம். முட்டி தேய்ந்தவருக்கு அதிலிருந்து எழுவது பெரும்பாடு. சீட்டோடு சேர்த்து 450 முதல் 480 மி.மீ. இருந்தால் தொடைக்குச் சுமை நன்றாகவே குறையும். சரி, எல்லா அறைக்கும் உயரமானதையே வாங்கிவிடலாமா? இங்கேதான் நிறைய இல்லங்கள் சிக்கிக்கொள்கின்றன.

தானாக நடக்க முடியாதவரைச் சக்கரம் வைத்த கமோட் சேரில் உட்காரவைத்து, அந்தச் சேரையே கழிப்பிடத்தின் மேல் தள்ளி நிறுத்துவது வழக்கம். தூக்கி மாற்றும் வேலை மிச்சமாகிறது, ஆயாவின் இடுப்பும் பிழைக்கிறது. ஆனால் க்ளோசெட்டின் மேல்விளிம்பு சேரின் அடிப்பகுதியைவிடத் தாழ்வாக இருந்தால்தான் சேர் உள்ளே போகும். உயரமான க்ளோசெட் வைத்த அறையில் பெரும்பாலான கமோட் சேர் முட்டிக்கொள்ளும். ஆக, தானாக நடப்பவர்கள் அறைக்கு உயரமானது, தூக்க வேண்டியவர்கள் அறைக்குச் சாதாரண உயரம். வாங்கும் முன் உங்களிடம் இருக்கும் கமோட் சேரின் அடி உயரத்தையும் உள் அகலத்தையும் அளந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சுவரில் மாட்டும் வகை இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுக்கிறது. உயரத்தை நாமே முடிவு செய்யலாம், அடியில் துடைப்பதும் எளிது. நல்ல தயாரிப்புகள் 400 கிலோ எடை வரை சோதிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் சரியாகப் பொருத்தப்பட்டால்தான் அந்தக் கணக்கெல்லாம். அனுபவமில்லாத பிளம்பர் என்றால் தரையில் நிற்கும் வகையே பாதுகாப்பு. தரையில் வைப்பதை மாற்றும்போது எஸ் டிராப்பா (கழிவு தரைக்குள் இறங்குவது), பி டிராப்பா (சுவருக்குள் போவது), சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்புள்ளி வரை எத்தனை மி.மீ. என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த ஓர் அளவு தவறினால் தரையை உடைக்க வேண்டியதுதான்.

பழைய க்ளோசெட்டை உயர்த்த அடியில் மேடை கட்டுகிறார்கள். கட்டலாம், ஆனால் மேடை க்ளோசெட்டின் அடிப்பாகத்தைவிட ஓர் அங்குலம்கூட நீளக் கூடாது. அகலமாகக் கட்டினால் பாதமும் மேடை மேலேயே வரும். அப்போது உயர்த்தியதில் பலனே இல்லை, போதாததற்கு இறங்கும்போது தடுக்க ஒரு படி வேறு.

சீட் கவரில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெரியவர்கள் நேராக உட்கார்வதில்லை, பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்து நகர்வார்கள். பிளாஸ்டிக் கீல் அந்த இழுப்பைத் தாங்காது. எவர்சில்வர் கீலும், சீட்டின் அடியில் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் ரப்பர் கட்டைகளும் உள்ள கனமான சீட்டாக வாங்குங்கள். ஞாபக மறதி உள்ளவர்கள் அறையில் மூடியையே கழற்றிவிடுவது என் யோசனை. மூடியிருப்பதைக் கவனிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவதை அது தவிர்க்கும்.

தொட்டி இல்லாமல் குழாயிலிருந்தே தண்ணீர் பாய்ச்சும் ஃப்ளஷ் வால்வு வேகமான நீரழுத்தம் கேட்கும், அழுத்தவும் பலம் வேண்டும். மேல்மாடியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நம்பி அதைப் போட்டால் பாதிதான் போகும். தொட்டி வகையே போதும். பொத்தான் மட்டும் அகலமாக, உள்ளங்கையால் அழுத்தக்கூடியதாக இருக்கட்டும்.

இந்தியன் க்ளோசெட்டை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்கக் குந்தியே பழகி, இன்னும் முட்டி ஒத்துழைக்கும் கிராமத்துப் பெரியவருக்கு வெஸ்டர்னில் மலம் இறங்காமல் திண்டாட்டமாகிவிடும். பொதுக் கழிப்பறையில் ஒன்றை இரு பக்கமும் கம்பியோடு வைத்திருங்கள்.

4. கைப்பிடிக் கம்பிகள்

கம்பியின் குறுக்களவு 32 முதல் 40 மி.மீ. வரை. கட்டைவிரலும் மற்ற விரல்களும் சுற்றிப் பிடிக்க இந்த அளவு தோதானது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 40 முதல் 50 மி.மீ. இடைவெளி. அதைவிட அதிகம் விட்டால் வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே போய்ச் சிக்கி எலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. பளபளக்கும் குரோம் பார்க்க அழகு, சோப்புக் கையில் நிற்காது. சொரசொரப்பான எவர்சில்வர் அல்லது நைலான் உறை போட்டது எடுங்கள். 304 தர எவர்சில்வர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 202 தரம் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

எங்கே வைப்பது? கழிப்பிடத்தை ஒட்டிய சுவரில் எல் வடிவக் கம்பி. கிடைமட்டப் பகுதி தரையிலிருந்து சுமார் 700 மி.மீ. உயரத்தில், நேராக நிற்கும் பகுதி க்ளோசெட்டின் முன்விளிம்பைத் தாண்டி 200, 300 மி.மீ. முன்னால். எழுபவர் முன்பக்கமாகச் சாய்ந்துதான் எழ முடியும், அதனால் பிடியும் முன்னால்தான் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் கம்பி எழ உதவாது. சுவர் இல்லாத பக்கம் மடக்கிக் கீழிறக்கும் கம்பி. சக்கர நாற்காலியில் வருபவர் அதைத் தூக்கிவிட்டுப் பக்கவாட்டில் மாறி உட்காரலாம்.

அமெரிக்க அணுகல் விதிகள் கம்பி எந்தப் பக்கம் இழுத்தாலும் சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. அதற்குக் குறையாத ஒன்றைக் கேளுங்கள். பொருத்தி முடித்ததும் வாட்டசாட்டமான ஓர் ஆளைக் கம்பியில் முழு எடையையும் போட்டுத் தொங்கச் சொல்லுங்கள். அசைவு தெரிந்தால் பிளம்பருக்கு அன்றைக்குப் பணம் இல்லை. ரப்பர் கப் ஒட்டும் வகைக் கைப்பிடிகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கவே வாங்காதீர்கள். கை வைக்கும் நேரத்தில்தான் கழன்று வரும்.

விழப்போகும் கை எது கிடைத்தாலும் பிடிக்கும். துண்டுக் கம்பி, சோப்புப் பெட்டி, டிஷ்யூ ஹோல்டர், ஷவர் குழாய் என்று எதுவானாலும். ஆகவே கை எட்டும் தூரத்தில் உள்ள துண்டுக் கம்பியையும் ஷவர் கம்பியையும் எடை தாங்கும் வகையாகவே போடுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் எதையும் மாட்டாதீர்கள்.

5. கழுவும் தண்ணீர்

நம் ஊரில் கழிப்பறை என்றால் கழுவுவதும் சேர்ந்ததுதான். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரைபவர்கள் இதைப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சமாச்சாரமாக நினைத்துவிடுகிறார்கள். கையில் பிடித்துப் பீய்ச்சிக் கழுவும் ஹெல்த் ஃபாசெட்டை, உட்கார்ந்தபடி, உடம்பைத் திருப்பாமல் எட்டும் இடத்தில், தொடைக்குச் சற்று முன்னால் மாட்ட வேண்டும். பின்சுவரில் மாட்டினால் திரும்பி எட்டும்போதே சரிந்து விழுவார்கள். விசை மென்மையாக இருக்கட்டும். விரல் மடங்காத மூட்டுவாதக்காரருக்கு கெட்டியான விசை பெரிய துன்பம்.

ஒரு கை செயலிழந்தவருக்கு இன்னும் நல்ல வழி உண்டு. சீட்டுக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சும், பக்கத்தில் பிடியைத் திருப்பினால் போதும் என்கிற சீட்டுகள் கிடைக்கின்றன. மின்சாரம் இல்லாத வகையே போதும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுவுவது என்பது இரண்டு கையும் உள்ளவருக்கான ஏற்பாடு. அது முடியாதவர் இந்தச் சீட்டால் யார் உதவியும் இல்லாமல் சுத்தமாகலாம். எத்தனை பேர் முகத்தில் இது நிம்மதி கொண்டுவரும் என்று யோசித்துப் பாருங்கள்.

புடவை, வேட்டி, பாவாடைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும் உயரத்தில் இரண்டு கொக்கி வையுங்கள். நனையாமல் தூக்கிப் பிடிக்கவே ஒரு கை போய்விடுகிறது.

6. குளியல்

தலைக்கு மேல் ஷவர் மட்டும் இருக்கும் குளியலறை முதியோருக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்க வாளியும் சொம்புமாகக் குளித்தவருக்கு மேலிருந்து திடீரென்று கொட்டும் தண்ணீர் பயமூட்டும். ஞாபகம் மங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். நீளமான ஹோஸ் உள்ள கைஷவர் வையுங்கள், கூடவே வாளிக்கும் இடம் விடுங்கள். வாளி தரையில் இருந்தால் குனிந்து மொள்ள வேண்டும், தலை சுற்றும். உட்காரும் பலகை உயரத்துக்கு வாளிக்கும் ஒரு திண்ணை கட்டிவிட்டால் குனிவே வேண்டாம்.

உட்கார, சுவரில் மடக்கும் இருக்கை அல்லது ரப்பர் அடியுள்ள அலுமினிய ஷவர் சேர். 450 முதல் 480 மி.மீ. உயரம். வீட்டில் போடும் பிளாஸ்டிக் நாற்காலியை ஈரத் தரையில் போடாதீர்கள். பக்கவாட்டில் எடை விழுந்தால் கால் அகன்று சட்டென்று வழுக்கும்.

இப்போது வெந்நீர். இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். 60 டிகிரி தண்ணீர் சுமார் ஐந்தே வினாடியில் ஆழமான தீப்புண் ஏற்படுத்தும். 49 டிகிரியில் அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். வயதான தோல் மெல்லியது என்பதால் அவர்களுக்கு அந்த நேரமும் கிடைக்காது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய காலுக்குச் சூடே தெரியாது. கீசரில் 70 டிகிரிக்கு மேலும் போகலாம், வெயில் நாளில் சோலார் தண்ணீரும் கொதிக்கும். அதற்காகச் சேமிக்கும் தொட்டியின் சூட்டைக் குறைத்துவிடவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கினால் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். தொட்டியில் 60 டிகிரி, குழாயில் அளவான சூடு என்பதுதான் சரியான ஏற்பாடு. நடுவே தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து சூட்டை ஒரே அளவில் வைப்பது) இருந்தால் இது நடக்கும். பிரிட்டன் பராமரிப்பு இல்லங்களில் குளியல் தண்ணீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வழிகாட்டல். நம் தட்பவெப்பத்துக்கு 40, 41 போதும். பச்சைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால் வெந்நீரையும் உடனே அடைத்துவிடும் வகையாகக் கேளுங்கள்.

ஒரு சிக்கல். இந்த வால்வுகளுக்குக் குறைந்தபட்ச நீரழுத்தம் தேவை. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். மேல்மாடிக் குளியலறைக்கும் தொட்டிக்கும் மூன்று மீட்டர்தான் என்றால் 0.3 பார், பல வால்வுகள் அதில் சரியாக வேலை செய்யாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்ததை வாங்குங்கள், அல்லது வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் சேர்த்து பிரஷர் பம்ப் வையுங்கள். கீசர் இணைப்பில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

7. வாஷ்பேசின், குழாய்

பேசினுக்கு அடியில் தூண் வேண்டாம், சக்கர நாற்காலியின் முட்டிக்கு இடம் வேண்டும். மேல்விளிம்பு சுமார் 800 மி.மீ. எப்படியும் அதன் மேல் சாய்வார்கள், எனவே பிராக்கெட் பலமாக இருக்கட்டும். பல்செட் கழுவும்போது கைநழுவிப் பீங்கானில் விழுந்தால் உடைந்துவிடும். பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பியோ துணி விரித்தோ கழுவப் பழக்குங்கள்.

குழாய்க்குத் திருகும் பிடி வேண்டாம், நீளமான லீவர் போதும். முழங்கையாலும் தள்ளலாம். சென்சார் குழாய் சுத்தம்தான், ஆனால் திறப்பது எப்படி என்று தெரியாமல் பிடியைத் தேடி நிற்பார்கள். சிவப்பு, நீலக் குறி பெரிதாகத் தெரியட்டும்.

8. கண்ணுக்குத் தெரிய வேண்டும்

வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் க்ளோசெட். பார்வை மங்கியவருக்கு எல்லாம் ஒரே மூட்டம். சீட்டையும் கம்பியையும் கருநீலம், சிவப்பு போன்ற அழுத்தமான நிறத்தில் வாங்குங்கள். உட்காருவதற்கு முன் இடம் தெரியும். தரையில் புள்ளிகள், கறுப்புப் பட்டை, கறுப்பு மிதியடி வேண்டாம். ஞாபகம் மங்கியவர் கண்ணுக்குப் புள்ளி பூச்சியாகவும் கறுப்புப் பட்டை பள்ளமாகவும் தெரிந்து, தாண்டப் போய் விழுவார்கள்.

அழைப்பு மணியின் கயிறு சிவப்பாக, தரையிலிருந்து 100 மி.மீ. வரை தொங்க வேண்டும். சுவிட்ச் உயரத்தில் மட்டும் மணி இருந்தால், கீழே கிடப்பவர் எப்படி அழுத்துவார்? அந்தக் கயிற்றை வழியில் தொங்குகிறதென்று யாரும் சுருட்டிக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. மாதிரி அறை, பிறகு மொத்த ஆர்டர்

முழு எண்ணிக்கைக்கும் ஆர்டர் கொடுக்குமுன் ஒரே ஓர் அறையை முடித்து, பெரியவர்களையும் ஆயாக்களையும் சில நாள் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆயாவின் பேச்சைக் கட்டாயம் கேளுங்கள். குனிந்து கழுவிவிடும் இடம் போதுமா, கமோட் சேர் உள்ளே போகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். கம்பி 50 மி.மீ. முன்னே வர வேண்டும் என்று அப்போது தெரிந்தால் ஒரு சுவரோடு போயிற்று.

மொத்தமாக வாங்கும்போது குழாய், வால்வு, தொட்டி எல்லாம் ஒரே தயாரிப்பு, ஒரே மாடலாக இருக்கட்டும். உயரம் மட்டும் அறைக்கேற்ப மாறலாம். போர்வெல் உப்பு எதையும் விட்டுவைக்காது. கார்ட்ரிட்ஜ் (குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்), சீட் கீல், ஹெல்த் ஃபாசெட், தொட்டி உள்பாகங்கள் ஆகியவற்றில் சிலவற்றை முதல் நாளே ஸ்டோரில் வாங்கி வையுங்கள். ஒரே மாடல் என்றால் ஒரு பெட்டி போதும், இல்லத்து ஆளே மாற்றிவிடுவார். பணம் குறைத்தாக வேண்டுமென்றால் அலங்கார டைல்ஸிலும் பெரிய ஷவரிலும் குறையுங்கள். கம்பி, சீட், மிக்ஸிங் வால்வு, தரை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள்.

சுத்தம் செய்ய ஆசிட் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அது இணைப்புகளை அரிக்கும், 304 எவர்சில்வரிலும் குழி விழவைக்கும், டைல்ஸின் பிடிப்பையும் கெடுக்கும். உப்புக் கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கம்பியையும் பிடித்து இழுத்துப் பார்த்து, குளியல் குழாயில் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டை அளந்து, மணிக்கயிற்றை இழுத்துச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.